வழுக்கும் குழாயில் குறைந்த நீர்: 12 கி.மீ. ஏற்றுக்குழாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீர்த்தேக்கத்திலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு நீரை ஏற்றும் குழாய் இது. நீளம் 12 கி.மீ., உள்விட்டம் 600 மி.மீ. எஃகுக் குழாய், உள்ளே சிமெண்ட் சாந்துப் பூச்சு. இரு முனைகளுக்கும் மட்ட வேறுபாடு 18 மீட்டர். நொடிக்கு 350 லிட்டர் போக வேண்டும் என்பது வடிவமைப்பு. அந்த ஓட்டத்தில் நீரின் வேகம் நொடிக்கு 1.24 மீட்டர், குழாய் உராய்வில் இழக்கும் ஹெட் (நீரின் அழுத்தத்தை நீர்த்தூணின் உயரமாகச் சொல்லும் அளவு) 22.8 மீட்டர். வளைவுகளும் வால்வுகளும் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் பம்பு 41.5 மீட்டர் ஹெட் தர வேண்டும்.

இந்தக் கணக்கில் குழாய் உட்பரப்பின் சொரசொரப்பு 0.1 மி.மீ. என்று வைத்திருந்தார்கள். புதிய சாந்துப் பூச்சுக்கு அது நியாயமான மதிப்புதான். குழாயை ஓட்டிப் பார்த்த நாளில் 350 லிட்டர் வந்தது, கோப்பில் பதிவானது. அதற்குப் பிறகு அந்த 0.1 என்ற எண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று ஆண்டுகளில் ஓட்டம் 285 லிட்டராக இறங்கியது. ஒரே நாளில் விழுந்திருந்தால் உடனே தேடியிருப்பார்கள். மாதம் ஒன்றிரண்டு லிட்டராகக் கரைந்ததால், ஒவ்வொரு மாத அறிக்கையும் முந்தைய மாதத்தைப் போலவே தெரிந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நீர் இல்லாமல் போன பிறகுதான் விசாரணை தொடங்கியது.

பம்பின் மேல் விழுந்த சந்தேகம்

நீர் குறைந்தால் எல்லோர் கண்ணும் முதலில் பம்பின் மேல்தான் போகும். சுழலும் பொருள் தேயும் என்பது எவருக்கும் தெரியும். அசையாமல் மண்ணுக்குள் கிடக்கும் குழாய் மாறும் என்று தோன்றாது. பம்பைக் கழற்றினார்கள். இம்பெல்லரின், அதாவது பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தின், வேர் ரிங்குகள் (நீர் பின்னோக்கிக் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) தேய்ந்துதான் இருந்தன. மாற்றிப் பூட்டியதும் ஓட்டம் 290 லிட்டருக்கு வந்தது. ஐந்து லிட்டர் கிடைத்தது, அறுபது லிட்டர் கிடைக்கவில்லை.

அப்போது அளந்த இன்னொரு எண்ணைக் கவனித்திருந்தால் பல மாதங்கள் மிச்சமாகியிருக்கும். 290 லிட்டரில் பம்பு தந்த ஹெட் 46.5 மீட்டர். எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு ஹெட் தரும் என்று உற்பத்தியாளர் வரைந்து தந்த பம்பு வளைகோட்டில் 290 லிட்டருக்கு உரிய ஹெட்டும் அதுவே. தேய்ந்த பம்பு தன் வளைகோட்டுக்குக் கீழே இயங்கும். இது அதே கோட்டின் மீது நின்றுகொண்டு, இடப்பக்கம் நகர்ந்திருந்தது. அதாவது பம்பு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்க, குழாய் அதிக எதிர்ப்புக் காட்டியது.

காய்ந்த குழாயைப் பார்த்தது

நான் இந்த வேலையில் சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். குழாயைத் திறந்து பார்ப்பது என்று முடிவானது. நீரை வடித்து, காற்றோட்டம் கொடுத்து, உள்ளே இறங்க அனுமதி கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. ஆள் இறங்கும் துளை வழியாகப் பார்த்தபோது சாந்துப் பூச்சு உடையாமல் இருந்தது. துருக்கட்டி இல்லை, வண்டல் இல்லை. பரப்பின் மேல் கரும்பழுப்பு நிறத்தில் மெல்லிய கறை. விரலால் தேய்த்தால் தூளாக உதிர்ந்தது.

"உட்பரப்பு நல்ல நிலையில் உள்ளது, மெல்லிய கறை தவிர வேறு படிவு இல்லை" என்று அறிக்கை எழுதினோம். அதில் என் கையொப்பமும் உண்டு. அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் நாங்கள் கண்டதுதான். ஆனால் நாங்கள் பார்த்தது நீர் பார்க்கும் பரப்பை அல்ல. அந்த அறிக்கையை நம்பி அடுத்த நான்கு மாதங்கள் மூடியும் மூடாத வால்வு, கசிவு, மேட்டில் சிக்கிய காற்று என்று தேடல் வேறு பக்கம் போயிற்று. இரு முனை ஃபுளோ மீட்டர்களும் ஒரே அளவைக் காட்டியதால் கசிவு என்ற ஐயம் மட்டும் விரைவில் நீங்கியது.

சொரசொரப்பு என்ற எண்ணின் பொருள்

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. உராய்வுக் கணக்கில் வரும் சொரசொரப்பை ஏதோ கருவி கொண்டு பரப்பின் மேடுபள்ளத்தை அளந்து பெற்ற எண் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆய்வு செய்த நிக்குராட்சே, ஒரே அளவாகச் சலித்த மணலைக் குழாய்களின் உட்புறம் ஒட்டி நீர் பாய்ச்சினார். 1933-இல் வெளியான அவருடைய முடிவுகளில் மணலின் அளவு குழாய் ஆரத்தில் 15-இல் ஒரு பங்கிலிருந்து 507-இல் ஒரு பங்கு வரை மாறியது. கொந்தளிப்பு ஓட்டத்தில் வேகம் குறைவாக இருக்கும்வரை மணல் ஒட்டிய குழாய்களும், உராய்வை வேகத்தோடு காட்டும் வரைபடத்தில், வழவழப்பான குழாயின் கோட்டிலேயே நடந்தன. வேகம் கூடியதும் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டை விட்டு விலகின. கடைசியில் உராய்வுக் காரணி (இழப்பை வேகத்தின் இருமடியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) வேகத்தைப் பொருட்படுத்தாமல் ஒரே மதிப்பில் நின்றது. கோல்புரூக் என்ற பொறியாளர் 1939-இல் தந்த உராய்வுச் சமன்பாடும் மூடி என்ற பொறியாளர் 1944-இல் வரைந்த படமும், வணிகக் குழாய்களை அந்த மணலோடு ஒப்பிட்டுச் சொல்கின்றன. ஆக, ஒரு குழாயின் சொரசொரப்பு 0.1 மி.மீ. என்றால், 0.1 மி.மீ. மணல் ஒட்டிய குழாய் எவ்வளவு அழுத்தத்தை இழக்குமோ அவ்வளவை இதுவும் இழக்கிறது என்று பொருள். அது ஓட்டம் சொல்லும் எண். விரலும் கண்ணும் சொல்வதில்லை.

சுவரை ஒட்டி ஒரு மிக மெல்லிய அடுக்கு உண்டு. அங்கே நீரின் பாகுத்தன்மை கொந்தளிப்பை அடக்கி வைக்கிறது. நம் குழாயில் வடிவமைப்பு ஓட்டத்தில் அதன் தடிமன் சுமார் 0.09 மி.மீ. 0.1 மி.மீ. சொரசொரப்பு அந்த அடுக்குக்குள் ஏறத்தாழ மூழ்கிக் கிடக்கும். அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு மேடுகள் வெளியே நீட்டினால் கதை மாறுகிறது. ஒவ்வொரு மேட்டின் பின்னாலும் சிறு சுழல் பிறக்கிறது. சுழல்கள் பிரதான ஓட்டத்திலிருந்து ஆற்றலை எடுத்து வெப்பமாக்கி முடிக்கின்றன. பம்பு கொடுத்த ஹெட் போவது இந்த வழியில்தான்.

அழுத்தம் அளந்தது

வால்வா, காற்றா, சுவரா என்பதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருந்தது. ஓரிடத்தில் அடைப்பு இருந்தால் அழுத்தம் அந்த இடத்தில் படியாக இறங்கும். சுவர் முழுக்கச் சொரசொரத்திருந்தால் நீளம் நெடுகச் சரிவாக இறங்கும். 3 கி.மீ.க்கு ஒன்றாக, ஏர் வால்வுகளின் (குழாயில் சேரும் காற்றை வெளியேற்றும் வால்வுகள்) அடியில் இருந்த இணைப்புகளில் பிரஷர் கேஜ் பொருத்தினோம்.

முதல் கணக்கு எங்களைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போகப் பார்த்தது. இரண்டாவது துண்டில், அதாவது 3-ஆம் கி.மீ.க்கும் 6-ஆம் கி.மீ.க்கும் நடுவே, இழப்பு கி.மீ.க்கு 2.9 மீட்டர், அதற்கடுத்த துண்டில் 1.8 மீட்டர். இரண்டாம் துண்டில்தான் வால்வு ஒன்று இருந்தது. தோண்டிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. தோண்டுமுன் பம்புகளை நிறுத்தி, குழாய் நிறைந்த நிலையில் நீர் அசையாதபோது எல்லாக் கேஜ்களையும் ஒருமுறை படித்தோம். ஓட்டமே இல்லை என்றால் இழப்பும் இல்லை. கேஜ் காட்டும் அழுத்தத்தோடு அது நிற்கும் இடத்தின் உயரத்தையும் கூட்டினால், எல்லா இடத்திலும் நீர்மட்டம் ஒன்றாகவே வர வேண்டும். 6-ஆம் கி.மீ. மட்டும் 1.4 மீட்டர் தாழ்வாகக் காட்டியது. வரைபடத்தில் அந்த ஏர் வால்வின் மட்டம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. திருத்திய பின் நான்கு துண்டுகளிலும் இழப்பு கி.மீ.க்கு 2.5, 2.4, 2.3, 2.1 மீட்டர். படி எங்கும் இல்லை, சரிவுதான். மொத்த உராய்வு இழப்பு 28 மீட்டர்.

ஓட்டம் 350-இலிருந்து 290-ஆகக் குறைந்திருக்கிறது, இழப்போ 22.8-இலிருந்து 28 மீட்டராக ஏறியிருக்கிறது. புதுக் குழாயில் 290 லிட்டருக்கு உராய்வுக் காரணி 0.0148 இருந்திருக்கும். நாங்கள் அளந்தது 0.0261. ஏறத்தாழ 1.76 மடங்கு.

விட்டம் சுருங்கியதுதான் காரணமோ என்றும் பார்த்தோம். ஒரே ஓட்டத்துக்கு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அதாவது விட்டம் சற்றுக் குறைந்தாலே இழப்பு வெகுவாக ஏறுவதால், இந்தக் கேள்வி எப்போதும் எழும். இவ்வளவு இழப்பும் சுருக்கத்தால் மட்டும் வர வேண்டுமானால் விட்டம் 536 மி.மீ. ஆகியிருக்க வேண்டும், சுற்றிலும் 32 மி.மீ. படிவு. நாங்கள் கண்டதோ உதிரும் கறை. சுற்றிலும் 1 மி.மீ. படிந்திருந்தாலும் சுருக்கத்தால் இழப்பு 1.7 விழுக்காடுதான் கூடும்.

அடுத்து, வெளியேற்ற வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி 290, 220, 150 லிட்டர் என்று மூன்று ஓட்டங்களில் அளந்தோம். புதுக் குழாய் என்றால் 150 லிட்டருக்கு இறங்கும்போது உராய்வுக் காரணி 7 விழுக்காடு ஏற வேண்டும். எங்கள் அளவில் மூன்றுக்கும் 0.026-ஐ ஒட்டியே வந்தது; வேறுபாடு கேஜின் பிழைக்குள் அடங்கியது. நிக்குராட்சேயின் வரைபடத்தில் கிடையாகப் போகும் பகுதி இதுவே. முழுச் சொரசொரப்பு நிலை. கோல்புரூக் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் சொரசொரப்பு 1.7 மி.மீ. வடிவமைப்பில் இருந்ததைப் போல 17 மடங்கு. சுவரின் சொரசொரப்பைச் சுவரோர மெல்லடுக்கோடு ஒப்பிடும் சொரசொரப்பு ரெனால்ட்ஸ் எண் 100 வந்தது. 5-க்குக் கீழே வழவழப்பு, 70-க்கு மேலே முழுச் சொரசொரப்பு என்பது வழக்கமான எல்லை. புதுக் குழாய் அந்த 5-ஐ ஒட்டி நின்றது.

நிலையத்தில் பழக்கமான ஹேசன்–வில்லியம்ஸ் முறையில் (குழாய் இழப்பைக் கணக்கிடும் எளிய சூத்திரம்) சொன்னால், குழாய் எவ்வளவு வழவழப்பு என்பதைக் காட்டும் சி மதிப்பு 142-இலிருந்து 105-க்கு இறங்கியிருந்தது. அங்குள்ளவர்களுக்கு இந்த எண்தான் உடனே உறைத்தது. அறிக்கையில் அதையும் போட்டோம். ஆனாலும் முழுச் சொரசொரப்பு நிலையில் சி மதிப்பு வேகத்தோடு நகரும் என்பதால், கணக்கைக் கோல்புரூக் வழியிலேயே வைத்துக்கொண்டோம்.

ஈரத்தோடு மீண்டும் திறந்தது

1.7 மி.மீ. என்று ஓட்டம் சொல்கிறது, கண்ணோ ஒன்றும் இல்லை என்கிறது. இரண்டில் ஒன்றை ஒதுக்காமல், முன்பு பார்த்த முறையையே சந்தேகித்தோம். இம்முறை ஒரு சிறு வால்வு அறையின் அருகே குழாயின் கழற்றக்கூடிய துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நீர் வடிந்த அரை மணி நேரத்துக்குள் கழற்றி ஈரத்துணி சுற்றி வெளியே எடுத்தோம்.

உட்புறம் முழுக்கக் கரும்பழுப்பு வழுக்குப் படலம். தடிமன் அரை மி.மீ.க்கும் ஒரு மி.மீ.க்கும் இடையே. ஓட்டத்துக்குக் குறுக்காகச் சிற்றலை போன்ற வரிகள். அங்கங்கே நூல் போன்ற வால்கள். கழற்றிய மேஸ்திரி கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், மீன் மாதிரி வழுக்குது. இதையா சொரசொரப்புன்னு சொல்றீங்க?"

அவர் கேட்டதில் தவறில்லை. கைக்கு வழுக்குவது நீருக்கும் வழுக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். துண்டை நீர்த்தொட்டியில் மூழ்க வைத்து மெதுவாக நீரை ஓடவிட்டுக் காட்டினோம். படலம் நடுங்கியது, வால்கள் படபடத்தன. ஒட்டிய மணல் அசையாது. இது ஓட்டத்தோடு சேர்ந்து ஆடி, ஆட்டத்துக்கு வேண்டிய ஆற்றலை ஓட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குறுக்கு வரிகளோ ஒவ்வொன்றும் ஒரு சிறு தடுப்பணை. அரை மி.மீ. படலம் 1.7 மி.மீ. மணலைப் போல நடந்துகொண்டது இதனால்தான். நுண்ணுயிர்ப் படலங்கள் தம் தடிமனைவிடக் கூடுதலான சொரசொரப்பைக் காட்டக்கூடும்.

நீர்த்தேக்கத்தின் அடிமட்டத்திலிருந்து எடுக்கும் நீரில் கரைந்த மாங்கனீசு இருந்தது. அதை ஆக்சைடாக மாற்றும் பாக்டீரியாக்கள் இருட்டிலும் வளரும். கருநிறம் அதிலிருந்து வந்தது. படலத்தின் பெரும்பகுதி நீர். இரண்டு நாள் காற்றோட்டத்தில் அந்த நீர் போய், வரிகளும் வால்களும் சுருங்கி, தூளாகும் கறை மட்டும் மிஞ்சும். முதல் ஆய்வில் பாதுகாப்புக்காக நாங்கள் செய்த காற்றோட்டமே சாட்சியை அழித்துவிட்டது. இதைச் சொல்வது காற்றோட்டம் வேண்டாம் என்பதற்காக இல்லை. மூடிய இடத்தில் ஆள் இறங்கக் காற்றோட்டம் கட்டாயம். ஆள் இறங்காமல் ஈரமான மாதிரியை எடுக்கும் வழியை முன்பே யோசித்திருக்க வேண்டும்.

எடுத்த முடிவும் ஒதுக்கிய வழிகளும்

பெரிய இம்பெல்லர் போடலாம் என்பது முதல் யோசனை. இந்தச் சுவரோடு 350 லிட்டர் வேண்டுமென்றால் பம்பு 59.5 மீட்டர் ஹெட் தர வேண்டும். நீருக்குச் சேர வேண்டிய திறன் 143 கிலோவாட்டிலிருந்து 204 கிலோவாட்டாக உயரும். மோட்டார் தாங்காது, தாங்கினாலும் அந்தக் கூடுதல் மின்சாரம் முழுவதும் படலத்தைக் குலுக்கவே செலவாகும். வழுக்குப் படலத்துக்காகக் காலமெல்லாம் மின்சாரம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதை எழுத்திலும் தெரிவித்தேன்.

குளோரின் கொடுப்பது அடுத்தது. சுத்திகரிக்காத நீரில் உள்ள கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான சேர்மங்கள் உருவாகும். மேலும், கொல்லப்பட்ட படலம் உடனே உதிர்ந்துவிடுவதில்லை. செத்தாலும் சொரசொரப்பு சொரசொரப்புதான். கைவிட்டோம்.

தேய்த்து எடுப்பது என்று தீர்மானித்தோம். 'பிக்' எனப்படும் நுரைப் பஞ்சு உருளையைக் குழாய்க்குள் விட்டு நீரழுத்தத்தால் தள்ளும் முறை இது. சாந்துப் பூச்சு சேதமாகக் கூடாது என்பதால் கம்பித் தூரிகை பொருத்திய உருளை வேண்டாம் என்றோம். முதல் இரண்டு முறை மென்னுரை உருளை, அடுத்த இரண்டு முறை சற்று அடர்ந்த நுரை. வழியில் இருந்த இரண்டு பட்டர்ஃபிளை வால்வுகளின் தட்டு குழாயின் நடுவே நிற்பதால் உருளை தாண்ட முடியாது. அவற்றைக் கழற்றி வெறும் குழாய்த்துண்டு பொருத்தினோம். தேய்க்கும் வேலையைவிட இந்த ஆயத்தமே அதிக நாள் பிடித்தது. வரும் கழிவு நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போகாதபடி தனிக் குளத்துக்குத் திருப்பினோம். முதல் உருளையின் முன்னே வந்த நீர் மை போல இருந்தது. நான்காவது வந்தபோது இளம்பழுப்பு.

தேய்த்த பிறகு

அதே பம்பு, அதே இம்பெல்லர். ஓட்டம் நொடிக்கு 340 லிட்டர். பம்பின் ஹெட் 42.4 மீட்டர். சொரசொரப்பு 0.2 மி.மீ.க்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு கன மீட்டர் நீரையும் ஏற்றப் பம்பு நீருக்குத் தர வேண்டிய ஆற்றல் 9 விழுக்காடு குறைந்தது. கடைசி 10 லிட்டர் திரும்பவில்லை. சாந்துப் பூச்சின் நுண்துளைகளில் மாங்கனீசு ஆக்சைடு மிஞ்சியிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஏழு மாதத்தில் ஓட்டம் 328 லிட்டருக்கு வந்தது; சொரசொரப்பு 0.36 மி.மீ. தேய்ப்பதால் படலம் போகும், அது வளர்வதற்கான காரணம் போகாது என்பதை எதிர்பார்த்தே இருந்தோம். இரண்டாவது தேய்ப்பு 11-ஆம் மாதம் நடந்தது. அப்போது வால்வு இருந்த இடங்களில் எளிதில் கழற்றும் துண்டுகள் தயாராக இருந்ததால் ஆயத்த நாள்கள் பாதியாயின.

இனி மாற்றிச் செய்வது

வடிவமைப்பின்போது சுத்திகரிக்காத நீருக்குப் புதுக் குழாயின் சொரசொரப்பை வைத்திருக்கக் கூடாது. 0.6 மி.மீ. வைத்துக் கணக்கிட்டிருந்தால், அதே இழப்பில் 350 லிட்டர் போக 640 மி.மீ. விட்டம் தேவை என்று வந்திருக்கும். ஐந்தாம் அடுக்கு இங்கே நமக்குச் சாதகம்: சொரசொரப்பு ஆறு மடங்கானாலும் காரணி 1.4 மடங்குக்குள்தான் ஏறுகிறது, அதை 40 மி.மீ. கூடுதல் விட்டம் ஈடுகட்டிவிடும்.

குறைபாடு தெரிந்ததும் பம்பைக் கழற்றும் முன் அதன் வளைகோட்டில் இயங்குபுள்ளியை, அதாவது அப்போது அளந்த ஓட்டமும் ஹெட்டும் சேரும் இடத்தை, குறிக்க வேண்டும். அரை மணி நேர வேலை. எங்களிடம் கேஜும் மீட்டரும் முதல் நாளிலிருந்தே இருந்தன. அழுத்தம் அளக்கும்போது ஓட்டமற்ற நிலையில் ஒருமுறை படிக்காமல் எந்த மட்டத்தையும் நம்பக் கூடாது. அந்த ஒரு படிப்பு இல்லாவிட்டால் நல்ல வால்வு ஒன்றைத் தோண்டி எடுத்திருப்போம்.

இப்போது இரு முனைக் கேஜ்களும் நிரந்தரமானவை. நிலையப் பொறுப்பாளர் மாதந்தோறும் ஓட்டத்தோடு சொரசொரப்பையும் கணக்கிட்டு எழுதுகிறார். 0.5 மி.மீ. தாண்டினால், அதாவது ஓட்டம் 320 லிட்டரை நெருங்கினால், அடுத்த தேய்ப்புக்கு நாள் குறிக்கப்படும்.

முதல் 3 கி.மீ. இன்னமும் மற்றப் பகுதிகளைவிட வேகமாகப் படலம் பிடிக்கிறது. நீர் எடுக்கும் மட்டத்தை மாங்கனீசு குறைந்த மேல்மட்டத்துக்கு மாற்றினால் அது குறையுமா என்று பார்க்க, அந்தப் பகுதியில் மாதிரித் தகடுகள் பொருத்தியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை நீர் நிரப்பிய வாளிக்குள் வைத்தே எடுத்து வருகிறோம்.